நெறஞ்சிருக்கு

அருப்புக்கோட்டைக்காரர்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் கொடைக்கானல் போவார்கள், குற்றாலம் போவார்கள், கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் மூணாறு வரைக்கும் போவார்கள். திருச்சுழிக்கு டூர் போன முதல் ஜோடி நாங்களாகத்தான் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம். ஒரு குட்டித் தூக்கம் போடக்கூட நேரம் கிடையாது. பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எங்கள் தெருக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். "என்னக்கா, பெட்டியும் கையுமா, திருப்பதிக்கா?" என்றாள். "ஆமா, திருச்சுழித் திருப்பதிக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏற்பாடு மகனுடையது. அவனும் மருமகளும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கிருந்தபடியே போனில் இடத்தைப் பிடித்து, படங்களையும் அனுப்பிவைத்தான். திருச்சுழியைத் தாண்டி, கரிசல்காட்டுக்கு நடுவில் ஒரு சம்சாரி வீடு. எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து, கட்டில் மெத்தை போட்டு, விருந்தாளிகள் தங்குகிற விடுதியாக்கியிருந்தார்கள். "சத்தமே இல்லாத எடம்மா. கல்யாணமானதுல இருந்து நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கிட்டாச்சும் போயிருக்கீங்களா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். முப்பத்துமூன்று வருடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போனதெல்லாம் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான்.

ஆனால் அவன் எங்களைக் காற்று வாங்க மட்டும் அனுப்பவில்லை. அவர்கள் குடியிருக்கிற கட்டடத்திலேயே பெரிய வீடு ஒன்று காலியாகிறது. அதை எடுத்தால் எங்களுக்கென்று தனி அறை கிடைக்கும், கடையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுங்கள் என்கிறான். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு அவன் போன் பண்ணுவான். அதற்குள் நாங்கள் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.

எனக்குப் போக வேண்டும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் வீடு மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. சரியாகச் சொன்னால், கடைச் சரக்கு வைத்தது போக மிச்சமிருக்கிற இடத்தில் நாங்கள் இருக்கிறோம். படுக்கிற அறையில் ஒரே ஒரு சன்னல். அதை மறைத்து மல்லி மூட்டையையும் மிளகாய் வத்தல் மூட்டையையும் அடுக்கி இருபது வருடம் ஆகிறது. காலையில் ஐந்தரை மணிக்கே பின்கதவைத் தட்டி, "அக்கா, ஒரு தேங்கா" என்பார்கள். போன வருடம் மகன் வீட்டில் இருபது நாள் இருந்தேன். காலையில் நான் பாட்டுக்குப் பார்க்கில் நடந்தேன். ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, ஆறிப்போகிற வரைக்கும் காப்பி குடித்தேன். ஊர் திரும்பி வீட்டுக் கதவைத் திறந்ததும் வத்தல் நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மலால் வந்த தண்ணீர் என்று அவரிடம் சொன்னேன்.

பொங்கலுக்கு மறுநாள் மகன் முதன்முதலாக இந்தப் பேச்சை எடுத்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் இவர் முகத்தையே பார்த்தேன். இவர் கொஞ்ச நேரம் எடைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ரொம்ப சந்தோசம்ப்பா. மனசு நெறஞ்சிருக்கு" என்றார். மகனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். மருமகள் மட்டும், "மாமா சரின்னு ஒரு வார்த்த தெளிவாச் சொல்லட்டும்" என்றாளாம். அவள் கெட்டிக்காரி. அதற்காகத்தான் இந்த இரண்டு நாள்.

இந்த இடத்தில் எங்கள் கடையின் பாஷையைச் சொல்லியாக வேண்டும். நான் விருதுநகரில் பிறந்தவள். என் அப்பா பஸ் கண்டக்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை "எடம் இல்ல, எடம் இல்ல" என்று கத்திக்கொண்டே பிழைத்த மனிதர். அவர் மகள் ஒரு கடைக்கார வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாலாவது நாள், அடுப்படியில் அரிசிப் பானையைத் திறந்தாள். உள்ளே ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. வாசல் பக்கம் பார்த்து, "ஏங்க, அரிசி இல்ல!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். கடைக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாமியார் ஓடி வந்தார். என் வாயைப் பொத்தாத குறைதான். "கடைக்காரன் வீட்டுல அந்த வார்த்தையச் சொல்லலாமா? நெறஞ்சிருக்குன்னு சொல்லு" என்றார். நான் காலிப் பானையைக் காட்டினேன். "அதத்தான் சொல்றேன். நெறஞ்சிருக்கு" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். அன்றைக்குப் படித்த பாடம் அது. தீர்ந்துபோனால் நெறஞ்சிருக்கு. விளக்கை அணைக்கக் கூடாது, குளிர வைக்க வேண்டும். கடையை மூடக் கூடாது, எடுத்து வைக்க வேண்டும். சரக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும். பொழுது சாய்ந்த பிறகு உப்பைக்கூட உப்பு என்று சொல்லக் கூடாது. ஒரு மாதத்தில் எல்லாம் என் நாக்குக்குப் பழகிவிட்டது.

எனக்கு நாக்கோடு நின்றது. இவருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மனிதர் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. குழம்பு பிடிக்கவில்லையா என்று கேட்டால், "அடுத்த தடவ இன்னும் நல்லா வரும்" என்பார். காய்ச்சல் குறையவில்லையா என்றால், "நாளைக்குச் சரியாயிரும்." என் மேல் கோபமா என்று ஒரு தடவை கேட்டேன். "பாப்போம்" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். சண்டை போடக்கூட ஒரு பிடி கிடைக்காது.

திருச்சுழிக்குக் கிளம்புகிற அன்று காலையில் அட்டை ஒன்றில் எழுதிக் கடைக் கதவில் தொங்கவிட்டார். இரண்டு நாள் கடை இல்லை என்று வேறு யாராக இருந்தாலும் எழுதியிருப்பார்கள். இவர் எழுதியது: "திங்கள் காலை கடை உண்டு." நான் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருச்சுழியில் இறங்கி ஆட்டோவில் போனோம். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடித்த காட்டில் காய்ந்த செடியின் வெறும் மாறு குச்சி குச்சியாக நின்றது. மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேலம். விடுதியை நடத்துகிற பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த வீட்டுச் சம்சாரியின் மகள். சென்னையில் ஏதோ ஹோட்டலில் வேலை பார்த்து அலுத்துப்போய், திரும்பி வந்து அப்பாவின் வீட்டை இப்படி மாற்றியவள்.

"வாங்கண்ணாச்சி, வாங்கக்கா. முன்னாடியே சொல்லிப்புடுறேன். ஏசி இல்ல. டிவி இல்ல. ரூமுக்குள்ள டவர் இல்ல, மாடிக்குப் போனாத்தான் போன் பேச முடியும். மீன் இல்ல, இன்னைக்கு வரல. கோழி உண்டு" என்றாள்.

ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் இவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். யாரோ அவர் கடை வாசலில் நின்று சாபம் கொடுக்கிற மாதிரி இருந்திருக்கும். எனக்கோ அவளை அப்போதே பிடித்துவிட்டது. சம்சாரி வீட்டுப் பேச்சு இப்படித்தான். மழை இல்ல, ஆளு இல்ல, வெல இல்ல என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இருபது கிலோமீட்டர்தான் தூரம், எவ்வளவு வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அறை நன்றாக இருந்தது. பெரிய சன்னல், அதற்கு நேரே ஒரு வேப்பமரம். நான் போனதும் சன்னல் கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அருப்புக்கோட்டையில் விடிந்ததிலிருந்து பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடும். காது அதற்குப் பழகிவிட்டது. இங்கே ஒரு மயில் கத்தியதும் இரண்டு பேரும் திடுக்கிட்டோம். இவர் அறைக்குள் நாலு தடவை நடந்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "என்ன செய்யணும் இப்ப?" என்று கேட்டார். "ஒண்ணும் செய்யக் கூடாது. அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றேன்.

மத்தியானம் ஒன்றே முக்கால் மணிக்கு, பங்குனி வெயில் தாங்காமல், சாப்பிடுவதற்கு முன் குளித்துவிடலாமென்று போனேன். முகத்துக்குச் சோப்புப் போடும்போது கீழேயிருந்து அந்தப் பெண் சத்தம் கொடுத்தாள். "அண்ணாச்சி, மொட்டமாடித் தொட்டியில தண்ணி கெடக்கான்னு எட்டிப் பாத்துச் சொல்றீகளா? மோட்டார் போடணுமா என்னான்னு தெரியல."

இவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தடதடவென்று மாடிப்படி ஏறிய சத்தமும், தொட்டியின் மூடியைத் திறந்த சத்தமும் கேட்டன. பிறகு கடையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில், "நெறஞ்சிருக்கு தாயி!" என்றார்.

எனக்குச் சரியாகவே புரிந்தது. தொட்டி காலி, அவள் மோட்டார் போடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீர் நூலாக ஒழுகுவதைப் பற்றிக் கவலைப்படாமல் கழுத்துக்கும் சோப்புப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் குழாய் கொர்ரென்று இழுத்து நின்றுபோனது. காத்திருந்தேன். சோப்பு கண்ணுக்குள் இறங்கியது. "ஏங்க!" என்று கத்தினேன். "ஏங்க, தண்ணி!" அதற்குள் மணி இரண்டாகியிருந்தது. காட்டு மோட்டாருக்கு வருகிற மும்முனைக் கரண்ட் இரண்டு மணியோடு போய்விடுமாம். இனி ராத்திரிதான் வருமாம்.

குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில் ஒருவழியாக முகத்தைக் கழுவிக்கொண்டு, கண் சிவக்க வெளியே வந்தேன். வராந்தாவில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தொட்டி நெறஞ்சிருக்குன்னு சொன்னீகளே அண்ணாச்சி?"

"ஆமா தாயி, சொன்னேன்ல? நீ மோட்டாரப் போடுவன்னு நெனச்சேன்."

"நெறஞ்ச தொட்டிக்கு எதுக்கு மோட்டாரு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "தண்ணி இல்லன்னு சொன்னா வாயி வெந்தா போயிரும் ஒங்களுக்கு?" என்றேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். அரிசிப் பானை, மாமியார், கடைக் கதவில் தொங்குகிற அட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆத்தாடி!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அப்ப இனிமே அண்ணாச்சி எது நெறஞ்சிருக்குன்னாலும் நான் மூடியத் தெறந்து பாத்துக்கிடணும் போலயே!"

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் போனில் இவர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. மனசு நெறஞ்சிருக்கு.

சாப்பிட உட்கார்ந்தோம். கோழிக் குழம்பு நன்றாக இருந்தது என்று இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதுவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். சோப்பு நுரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோதே அந்த வார்த்தை எனக்குப் புரிந்ததே, பொங்கலுக்கு மறுநாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது புரியாமலா போயிருக்கும்? புரிந்தது. அவர் எடைத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னதையும் பார்த்தேன். ஊரில் எல்லோரும் அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படி எடுத்துக்கொண்டால் எனக்கு வசதி, அதனால் எடுத்துக்கொண்டேன். மகனிடம், "அப்பாவே சொல்லிட்டாகல்ல" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னதும் நான்தான்.

சாயங்காலம் கண்மாய்க் கரை வரைக்கும் நடந்தோம். கண்மாயில் தண்ணீர் கிடையாது. நடுவில் ஒரு பள்ளத்தில் கொஞ்சம் ஈரமும், அதில் இரண்டு கொக்கும் இருந்தன. கரையில் உட்கார்ந்தோம். கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்காமல் விட்டால் நாளைக்கு நாலு மணிக்கு மகன் கேட்பான், இவர் 'பாப்போம்' என்பார், அதை அவன் சரி என்று எடுத்துக்கொள்வான், எனக்கு ஒரு சன்னல் கிடைத்துவிடும். யாரையும் நான் ஏமாற்றியதாக ஆகாது. முப்பத்துமூன்று வருடம் அந்த மூட்டைகளுக்கு நடுவில் இருந்துவிட்டேன், இனி மிச்சமிருக்கிற காலத்தையாவது எனக்காக வைத்துக்கொண்டால் என்ன தப்பு என்று மனதுக்குள் ஒரு பக்கம் சண்டை போட்டது. தப்பே கிடையாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். செருப்பில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன யோசன?" என்று கேட்டார்.

"அடுப்ப அணச்சமா இல்லையான்னு யோசிக்கிறேன்" என்றேன்.

"குளுர வச்சாச்சு, குளுர வச்சாச்சு" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது கட்டிலில் ஆளைக் காணோம். சன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த களத்தில் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். உருண்டையான முண்டு வத்தல், களம் முழுக்கச் செக்கச்செவேலென்று கிடந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வத்தலாக எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். முண்டு வத்தல் நன்றாகக் காய்ந்தால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கொடுக்கும். கலகலத்ததை ஒரு பக்கமும், சத்தம் வராததை ஒரு பக்கமும் போட்டார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த ஓரமெல்லாம் இன்னும் ஒரு வெயிலு குடுக்கணும் தாயி. இப்பவே மூட்ட கட்டுனா பூஞ்சணம் பூத்துப் போயிரும்" என்றார். எந்த வத்தல் எந்தக் குழம்புக்கு, எந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்து வாங்குவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். வீரசோழனிலிருந்து வருகிற பாய் ஒருவர் வத்தலைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் வாங்கவே மாட்டார் என்று சொல்லி, அவர் முகத்தைச் சுளிக்கிறதைச் செய்து காட்டினார். நேற்று முழுக்க அறைக்குள் கூண்டுக் கோழியாக நடந்த மனிதர் இவர்தானா என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

காப்பி குடித்த பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு வத்தல் கையில் இருந்தது. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒண்ணு கேக்குறேன். கடைக்காரரா பதில் சொல்லக் கூடாது."

"என்ன?"

"பெங்களூரு போறதுக்கு ஒங்களுக்கு மனசு இருக்கா?"

"பாப்போம்."

"இந்தப் பாப்போம் எல்லாம் கடையில வச்சுக்கிடுங்க."

"இல்… அவன் ஆசப்பட்டுக் கூப்பிடுறான். பெத்த புள்ள…"

"அவன் ஆச எனக்குத் தெரியும். ஒங்க மனசு என்ன?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே."

"நெறஞ்சிருக்குன்னு சொன்னீங்க. அது ஊரு நெறவா, கடை நெறவா?"

வத்தலை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். களத்தில் ஆள் கிடையாது.

"இல்ல" என்றார். "எனக்கு மனசு இல்ல."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளை கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தார். பிறகு அவரே பேசினார். "அங்கன போயி நான் யாருக்கு என்னத்த எடுத்துக் குடுக்க? காலையில எந்திரிச்சு ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலன்னா எனக்கு என்ன செய்யன்னு தெரியாது." ஒருத்தரும் ஒன்றும் கேட்காத காலையைத்தான் நான் சொர்க்கமென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான? மூணு மாசமா நான் கோட்ட கட்டிக்கிட்டு இருக்கேனே!" என்று கத்திவிட்டேன்.

"நீ எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்த" என்றார். "அம்புட்டு ஆசையா இருந்துச்சு ஒன் மொகம். எப்படிச் சொல்ல?"

எழுந்து அறைக்குள் போய் அந்தச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். நன்றாக அழுதேன். தும்மல் என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் கிடையாது.

நாலு மணிக்கு இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனோம். தொட்டி நிழலில் நின்றோம். சொன்னபடி போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னப்பா, நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா? வீட்டு ஓனர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

இவர் 'பா…' என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். "எனக்கு அங்கிட்டு வர மனசு இல்லப்பா. கோவிச்சுக்கிடாத" என்றார்.

"சரிப்பா. நீங்க சொன்னதே போதும்" என்றான். குரல் இறங்கித்தான் இருந்தது. "அம்மா, நீ என்ன சொல்ற? ஒனக்கு வருத்தமா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு நேரம் ஒரு மனிதரைப் பிடித்து உலுக்கி உண்மையைப் பிடுங்கியவள் நான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் வேர்த்து, பாரம் இறங்கி, முப்பது வருடத்துக்கு முந்தின முகமாக இருந்தது. "எனக்கென்னப்பா வருத்தம்?" என்றேன். "மனசு நெறஞ்சிருக்கு."

"தேங்க்ஸ்ம்மா" என்றான் அவன், நிம்மதியாக. வைத்துவிட்டான்.

நான் புடவைத் தலைப்பால் போனைத் துடைத்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கையிலிருக்கிற போனைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தா" என்றார். "அவனுக்குத் திரும்பிப் போனப் போடு."

"எதுக்கு?"

"போடுன்னா போடு."

போட்டேன். அவன் "என்னம்மா?" என்பதற்குள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நாந்தான்ப்பா. ஒங்கம்மா இப்ப சொன்னது கடைப் பேச்சு. அப்படின்னா இல்லன்னு அர்த்தம். அவ மனசு காலியாக் கெடக்கு. அவளுக்கு அங்கன வரணும். நீ அந்த வீட்டையே பிடி. மாசத்துல பாதி நாளு அவ ஒங்ககூட இருக்கட்டும், பாதி நாளு இங்கிட்டு வரட்டும். ஒங்கம்மா ரூமுல ஒரு சாமானும் அடுக்கக் கூடாது, சன்னலு சன்னலாவே இருக்கணும். கேட்டியா?"

அந்த மூட்டைகளைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னது கிடையாது. இருபது வருடமாக அவருக்கு அது தெரிந்திருக்கிறது. மகன் என்னவோ கேட்டான், இவர் "ஆமா, ஆமா" என்றார். யாரைக் கேட்டு மாதத்தில் பாதி நாள் என்று முடிவு செய்தார்? சந்தோஷமா ஆத்திரமா என்று பிரிக்க முடியவில்லை. அவர் வைத்ததும் சண்டைக்குப் போனேன்.

"பெரிய இவரு மாதிரி சொல்லியாச்சு. பாதி நாளு நான் அங்க இருந்தா ஒங்களுக்குச் சோறு பொங்குறது யாரு? ஒல வைக்கத் தெரியுமா ஒங்களுக்கு? அரிசிக்கு எம்புட்டுத் தண்ணி ஊத்தணும்னாச்சும் தெரியுமா?"

நாளைக்குப் பழகிரும் என்பார், பாப்போம் என்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றார், பட்டென்று. "தெரியாது. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் சொல்லிக் குடு."